48 கிலோ எடைக்கு எந்த ஸ்கீ? தூள்பனியில் இரண்டு சோடிகளின் மதிப்புரை

என் உயரம் 153 சென்டிமீட்டர்; எடை 48 கிலோ. மதிப்புரையின் முதல் வரியிலேயே இவற்றைச் சொல்லக் காரணம் உண்டு. தூள்பனிக்கான, அதாவது புதிதாகப் பெய்து இறுகாமல் கிடக்கும் பனிக்கான ஸ்கீகளைப் (காலில் மாட்டும் பனிச்சறுக்குப் பலகைகளைப்) பற்றி நான் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் நல்ல உயரமும் எண்பது கிலோவுக்குக் குறையாத எடையும் கொண்ட ஆண்கள். அவர்கள் 'மென்மையானது' என்று எழுதிய ஸ்கீ என் காலடியில் இரும்புப் பாளமாகக் கிடந்தது. 'குட்டை' என்று ஒதுக்கிய நீளம் மரங்களுக்கு நடுவே என்னால் திருப்ப முடியாத நீளமாக இருந்தது. அவர்கள் எழுதியதில் பொய் இல்லை, தம் உடம்புக்குப் பொருந்தியதைத்தான் எழுதினார்கள். ஏறி நிற்பவரின் எடையால் வளைந்து வேலை செய்வதுதான் ஸ்கீ என்பதால், எடையைச் சொல்லாத மதிப்புரையை வைத்துக்கொண்டு என்னைப் போன்ற ஒருத்தி எதையும் தீர்மானிக்க முடியாது.

இங்கே நான் எழுத எடுத்துக்கொண்டவை நார்டிகா நிறுவனத்தின் சாந்தா ஆனா 104 ஃப்ரீ, வோல்க்கல் நிறுவனத்தின் பிளேஸ் 106 டபிள்யூ ஆகிய இரண்டு ஸ்கீகள். இரண்டும் பெண்களுக்கென வடிவமைக்கப்பட்டவை. பெயரில் உள்ள எண், காலுக்குக் கீழே ஸ்கீயின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்வது. இரண்டையும் 158 செ.மீ. நீளத்திலேயே ஓட்டினேன். இரண்டுமே நல்ல ஸ்கீகள், நான் வாங்கியது சாந்தா ஆனா. ஆனால் எந்தப் பெயரை வாங்கினேன் என்பதைக் காட்டிலும், ஏன் 104, ஏன் 158 என்ற கேள்விக்கான விடைதான் 45 முதல் 55 கிலோ வரை எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கடையில் கைகொடுக்கும் என்று நம்புகிறேன். ஆகையால் அந்தக் கணக்குக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

ஓட்டிய இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்கு அருகே லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் தலைப்பில் இருக்கும் ஆல்டா. 1939 ஜனவரியில், சறுக்குவோரை மலைமேல் ஏற்றிவிடும் முதல் லிஃப்ட் ஓடத் தொடங்கிய பழைய பனிச்சறுக்குத் தலம் அது. இரு கால்களையும் ஒரே பலகையில் மாட்டி ஓட்டும் ஸ்னோபோர்டுக்கு இன்றுவரை அங்கே அனுமதி இல்லை. அடிவாரமே ஏறக்குறைய 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டுக்குச் சராசரியாக 13 மீட்டர் அளவுக்குப் பனி பொழிகிறது. ஸ்கீயைத் தேர்வு செய்பவருக்கு இந்த அளவைவிடப் பனியின் தன்மை முக்கியம். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் தன் ஈரத்தில் ஒரு பங்கை இறக்கிவிட்டு, நெவாடாவின் வறண்ட நிலத்தைக் கடந்து வந்து ஆல்டா இருக்கும் வாசாட்ச் மலையில் ஏறும்போது, மிச்சமிருப்பது மிக இலேசான, உலர்ந்த பனியாகக் கொட்டுகிறது. அதன் சராசரி நீரளவு 8 சதவீதத்தை ஒட்டியது. அதாவது ஒரு மீட்டர் புதுப்பனியை உருக்கினால் எட்டு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் பனி இதைவிடக் கனமானது. அங்குள்ளவர்களே அதற்குச் 'சியரா சிமெண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கனமான பனி ஸ்கீயை எளிதில் தாங்கிவிடும், ஆனால் அதை ஒதுக்கித் திரும்புவதற்குக் காலில் பலம் வேண்டும். நான் எழுதுவது உலர்பனியில் ஓட்டியவளின் கணக்கு என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

தூள்பனிக்கென்று நான் முதன்முதலில் காலில் மாட்டியது ஒரு வாடகைச் சோடி. நீளம் 172 செ.மீ.; காலுக்கு நேர்கீழே உள்ள இடைப்பகுதியின் அகலம் 112 மி.மீ. கடைக்காரர் என்னிடம் கேட்டவை இரண்டே கேள்விகள்: எத்தனை ஆண்டுகளாக ஓட்டுகிறீர்கள், இரவு எவ்வளவு பனி பெய்திருக்கிறது. என் எடையை, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை முடுக்கும்போதுதான் கேட்டார். அதற்குள் ஸ்கீ முடிவாகிவிட்டது. அன்று முப்பது சென்டிமீட்டர் புதுப்பனி. ஸ்கீ மிதந்தது, அதில் குறையே இல்லை, ஆனால் மிதப்பதைத் தவிர வேறொன்றையும் அது செய்யவில்லை. முழங்காலை மடக்கி அழுத்தினாலும் வளையவில்லை. வளையாத ஸ்கீ திரும்பாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் இடுப்பைச் சுழற்றி, இரண்டு பலகைகளையும் இழுத்துப் போட வேண்டியிருந்தது. மரங்களுக்குள் நுழைந்தபோது பயம் வந்தது. பிற்பகலில் லிஃப்டுக்குத் திரும்பும் கெட்டித் தடத்தில், அந்த அகலத்தைச் சாய்த்து விளிம்பில் நிறுத்த முயன்று முயன்று இரண்டு முழங்கால்களும் உட்பக்கமாக வலித்தன. என் திறமைக் குறைவு என்றே நினைத்துக்கொண்டேன். அடுத்த பருவம் முழுவதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பனியில் எவ்வளவு அமிழ்கிறோம் என்பதை முதன்மையாக முடிவு செய்வது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு எடை இறங்குகிறது என்பதே. 85 கிலோ எடையுள்ள ஒருவர், பூட்ஸ், உடை, ஸ்கீ, முதுகுப்பை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 98 கிலோவாக நிற்கிறார். அவருக்குப் பரிந்துரைக்கப்படும் 184 செ.மீ. நீள, 112 மி.மீ. இடை கொண்ட ஸ்கீயின் சராசரி அகலத்தை, அகன்ற நுனியையும் வாலையும் சேர்த்து, 123 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்கீகளுக்கும் சேர்த்து 4,526 சதுர செ.மீ. பரப்பு; ஒரு சதுர சென்டிமீட்டரில் 21.7 கிராம். என் அளவிலான அதே வகைச் சாமான்களோடு நான் 58 கிலோ. எனக்கும் அதே 21.7 கிராம் அழுத்தம் கிடைக்க வேண்டுமானால் 2,673 சதுர செ.மீ. போதும், 158 செ.மீ. நீளத்தில் பார்த்தால் சராசரி அகலம் 85 மி.மீ. மட்டுமே. சீர்ப்படுத்திய கெட்டித் தடத்துக்கென்று விற்கப்படும் ஒல்லியான ஸ்கீகளின் சராசரி அகலமே இந்த அளவை எட்டிவிடும். வேறு விதமாகச் சொன்னால், அந்த ஆண் தன் தூள்பனி ஸ்கீயில் எவ்வளவு மிதக்கிறாரோ, அவ்வளவை நான் என் சாதாரணக் கெட்டிப்பனி ஸ்கீயிலேயே அடைந்துவிடுகிறேன்.

இந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் கணக்கு அத்துடன் முடிவதில்லை. மிதப்பதற்குப் பரப்போடு வேகமும் உதவுகிறது. கனமானவர் வேகமாக இறங்கும்போது பனியே அவரைத் தூக்கிக் கொடுக்கிறது. மரங்களுக்கிடையே மெதுவாக இறங்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த உதவி குறைவு. எனவே 85 மி.மீ. சராசரி போதும் என்று நிறுத்திக்கொள்ளாமல், பரப்பைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சாந்தா ஆனா 104-இன் 158 செ.மீ. நீளத்தில் சராசரி அகலத்தை 115 மி.மீ. என்று கொண்டால், என் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 16 கிராம். மெதுவான வேகத்தை ஈடுகட்ட அது தாராளம். அன்றைய வாடகை ஸ்கீயில் அதுவே 14 கிராமுக்கும் கீழே போயிருந்தது. நான் பனிக்குள் இறங்கவே இல்லை. தூள்பனியில் திரும்புவதற்கு ஸ்கீ சற்று அமிழ்ந்து, பனியின் எதிரழுத்தத்தில் வளைந்து, மீண்டும் எழும்ப வேண்டும். அந்த ஏற்ற இறக்கம்தான் இந்த விளையாட்டின் இன்பமே.

வளைவைப் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. குறுக்குவெட்டு மாறாத ஒரு பட்டையை இரு முனைகளில் தாங்கி நடுவில் அழுத்தினால், அது வளையும் அளவு நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. ஒரு நிறுவனம் 184 செ.மீ. ஸ்கீக்கு வைத்த அதே தடிமனை 158 செ.மீ. ஸ்கீக்கும் வைத்துவிட்டால், குட்டை ஸ்கீ ஒரே எடைக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பாக நடந்துகொள்ளும். அதன் மேல் நிற்கும் எடையும் அறுபது சதவீதமாகக் குறைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 98 கிலோ ஆள் தன் நீள ஸ்கீயை வளைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான் 58 கிலோக்காரி தன் குட்டை ஸ்கீயை வளைக்க முடியும். ஆண்களின் ஸ்கீயைக் குட்டையாக வெட்டி, நிறத்தை மாற்றிப் பெண்களுக்கு விற்பது ஏன் பயனற்றது என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. ஆகவே கடையில் ஸ்கீயைக் கையில் எடுத்ததும் நான் முதலில் செய்வது, வாலைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடையை அழுத்திப் பார்ப்பதுதான். நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை என் கைக்கு இணங்கி வளைய வேண்டும், இடையில் விறைப்பு இருக்கலாம், வால் நுனியைவிடச் சற்றே திடமாக இருக்கலாம். நுனி இணங்காத ஸ்கீயை எவ்வளவு புகழ்ந்து பேசினாலும் நான் எடுப்பதில்லை.

நீளத்தைப் பற்றிக் கடைகளில் சொல்லப்படும் விதி, ஸ்கீயை நிறுத்தி வைத்தால் மோவாய்க்கும் நெற்றிக்கும் இடையில் எட்ட வேண்டும் என்பது. கெட்டித் தடத்துக்கு அது ஓரளவு சரி. தூள்பனி ஸ்கீக்கு அது பொருந்தாததற்குக் காரணம் ராக்கர் என்னும் அமைப்பு. பழைய ஸ்கீகளைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்போல் மேலே எழும்பி, நுனியும் வாலும் தரையைத் தொடும்; இதைக் கேம்பர் என்பார்கள். ராக்கரில் நுனி, படகின் முகப்பைப் போல, வெகு முன்பாகவே தரையைவிட்டு எழத் தொடங்கிவிடும். 2000-களின் தொடக்கத்தில் ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கு வீரர், தூள்பனி கெட்டித்தரையைவிடத் தண்ணீருக்கே நெருக்கமானது, ஆகவே அதில் ஓடும் ஸ்கீ நீர்ச்சறுக்குப் பலகையைப் போல இருக்க வேண்டும் என்று வாதிட்டு, வோலன்ட் நிறுவனத்தின் மூலம் ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயைக் கொண்டுவந்தார். நுனியும் வாலும் மேல்நோக்கி வளைந்து, இடையே மிக அகலமான பகுதியாக இருந்த விசித்திரமான உருவம் அது. இன்று யாரும் அந்த முழு வடிவத்தை ஓட்டுவது அரிது என்றாலும், இன்றைய தூள்பனி ஸ்கீ ஒவ்வொன்றின் நுனியிலும் அந்த எண்ணம் தங்கியிருக்கிறது.

சிறிய உருவத்தினருக்கு இதனால் வந்த நன்மை பெரிது. நுனி தானே எழும்புவதால், மூழ்காமல் இருக்க உடம்பைப் பின்னால் சாய்த்துத் தொடையால் தாங்கும் பழைய முறை தேவையில்லாமல் போனது. என்னைப் போல வயதுவந்த பிறகு கற்றவர்களுக்குப் பின்னால் சாய்வது பயத்தால் வரும் பழக்கம். அதற்கு ஒரு நியாயமும் இருந்துவிட்டால் அதை விடவே முடியாது. மேலும், ராக்கர் உள்ள ஸ்கீயில் கெட்டிப்பனியைத் தொடும் விளிம்பு மொத்த நீளத்தைவிடக் கணிசமாகக் குறைவு என்பதால், 158 செ.மீ. ஸ்கீ கெட்டித் தடத்தில் அதைவிடக் குட்டையான ஒன்றைப் போல நடந்துகொள்ளும். அதனால் என் உயரத்தைவிட 5 செ.மீ. நீளம் எனக்குச் சரியாக வருகிறது. இரண்டு தயாரிப்புகளிலும் அடுத்த அளவு 165. என் எடையில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 55 கிலோவைத் தாண்டியவர்களும், மரங்களைத் தவிர்த்துத் திறந்த சரிவில் வேகமாக இறங்குகிறவர்களும் தாராளமாக 165 எடுக்கலாம்.

பைண்டிங்கை எந்த இடத்தில் திருகுவது என்பதும் பெண்களுக்குத் தனிக் கேள்வி. ஜீனி தோரன் என்ற அமெரிக்கப் பெண்மணி, பெண்களின் உடலில் எடையின் மையம் ஆண்களுக்கு இருப்பதைவிடக் கீழேயும் பின்னாலும் அமைந்திருப்பதால், ஆண்களுக்காகக் குறித்த இடத்தில் திருகப்பட்ட பைண்டிங் அவர்களைப் பின்னால் தள்ளுகிறது, அதைச் சற்று முன்னே நகர்த்த வேண்டும் என்று பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சென்று எடுத்துச் சொன்னார். இன்று பெண்களுக்கான ஸ்கீகளில் அந்த நகர்வைக் குறிக்கும்போதே சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கெட்டிப்பனியில் அவர் சொன்னது முழுக்கச் சரி என்பது என் அனுபவம். தூள்பனியில் மட்டும் எச்சரிக்கை தேவை: பைண்டிங் முன்னே போகப் போக, காலுக்கு முன்னால் மிதக்கும் நுனியின் பரப்பு குறைந்து, மூக்கு அமிழும். முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய டெமோ பைண்டிங்கில் குறித்த கோட்டிலும், அதற்கு ஒரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். கோட்டிலேயே வைத்ததுதான் எனக்கு நல்லது. ஏற்கெனவே பெண்களுக்காக நகர்த்திக் குறித்த கோட்டை மறுபடியும் நகர்த்தச் சொல்லும் ஆலோசனையை ஏற்கும் முன் ஒரு நாளாவது வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

இனி ஸ்கீகளுக்கு வருகிறேன். வோல்க்கல், ஜெர்மனியின் ஸ்ட்ராபிங் நகரத்தைச் சேர்ந்த பழைய நிறுவனம். நான் ஓட்டிய பிளேஸ் 106 டபிள்யூ, 2020-21 பருவத்தில் அறிமுகமான பதிப்பு. மரத்தாலான உள்ளகம், டைட்டனால் என்னும் அலுமினியக் கலவைத் தகட்டைப் பைண்டிங் திருகும் இடத்தில் மட்டும் வைத்து, மற்ற இடங்களில் விட்டுவிட்டார்கள். அதனால் எடை வெகுவாகக் குறைந்திருக்கிறது. விளிம்பின் வளைவிலும் ஒரு நுட்பம் உண்டு: நுனியிலும் வாலிலும் பெரிய ஆரம், இடையில் சிறிய ஆரம் என்று மூன்று ஆரங்களைச் சேர்த்திருக்கிறார்கள். சும்மா நின்று சறுக்கினால் நேராகப் போகும். முழங்காலை மடக்கி அழுத்தினால் சிறிய ஆரம் பிடித்துக்கொண்டு குறுகலாகத் திரும்பும். சுப்ரீம் லிஃப்டிலிருந்து பக்கவாட்டாக நடந்து போய்ச் சேரும் கேத்தரின்ஸ் பகுதியின் ஊசியிலை மரங்களுக்கிடையே இதை ஓட்டிய முற்பகலை நான் மறக்க மாட்டேன். அன்று முழங்கால் ஆழத்துக்குப் பனி இருந்தது. ஒரு மரத்தைப் பார்த்து, அதன் பக்கத்து இடைவெளியைப் பார்த்து, திரும்ப வேண்டும் என்று நினைத்த நேரத்தில் ஸ்கீ திரும்பியிருந்தது. தூள்பனியில் என் கால்கள் என்னைக் கேட்காமல் சரியாக வேலை செய்த முதல் நாள் அதுதான். இவ்வளவு காலம் என் திறமையைச் சந்தேகித்தது எவ்வளவு வீண் என்று தோன்றியபோது கண் கலங்கிவிட்டது.

அந்தப் பகுதிக்கு நடந்து போக வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. ஆல்டாவில் நல்ல பனி பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும். லிஃப்டிலிருந்து இறங்கி, மலையின் விலாவில் ஒற்றையடித் தடமாகப் பக்கவாட்டில் ஏறி இறங்கிச் செல்ல வேண்டும். சில இடங்களில் ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ள நேரும். எண்பது கிலோக்காரருக்கு ஸ்கீயும் பைண்டிங்கும் பூட்ஸும் சேர்ந்த சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்றால், எனக்கு அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆகவே இலேசான ஸ்கீயின் அருமை சிறிய உடம்புக்குத்தான் நன்றாகத் தெரியும். நாள் முழுவதும் நடக்கிறவர்களுக்கும், மரங்களுக்குள்ளேயே பொழுதைக் கழிக்கிறவர்களுக்கும் பிளேஸ் 106-ஐ மனதாரச் சொல்வேன்.

அப்படியானால் சாந்தா ஆனாவை ஏன் வாங்கினேன்? விடை பிற்பகலில் இருக்கிறது. தூள்பனி நாள் என்று நாம் சொல்வது, உண்மையில் காலையின் முதல் இரண்டு மணி நேரம்தான். பதினோரு மணிக்குள் அத்தனை பேரும் அதைக் குறுக்கும் நெடுக்கும் உழுதுவிடுவார்கள். பிறகு மாலை வரை ஓட்ட வேண்டியது குவியலும் பள்ளமுமாகக் கலைந்த பனி. கலைந்த பனியில் கனமானவர் தன் எடையாலேயே குவியல்களை உடைத்துக்கொண்டு போகிறார். எடை இல்லாத நான் இலேசான ஸ்கீயில் போனால், ஒவ்வொரு குவியலும் என்னை ஒரு பக்கமாகத் தள்ளும். இது எந்த இலேசான ஸ்கீக்கும் பொருந்தும் இயற்கை. இலேசான பெண்ணுக்கு இலேசான ஸ்கீ என்று எல்லோரும் சொல்லும் ஆலோசனை பாதி உண்மைதான் என்பதை நான் கற்றுக்கொண்டது இங்கேதான். எளிதில் வளைய வேண்டும் என்பது ஒரு தேவை, அதிர்வை உள்வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது வேறொரு தேவை. முதலாவதை மென்மை தரும், இரண்டாவதைக் கொஞ்சம் கனம்தான் தரும்.

இந்த இரண்டையும் ஒரே ஸ்கீயில் சேர்த்திருப்பதுதான் சாந்தா ஆனா 104 ஃப்ரீயின் சிறப்பு. நார்டிகா இத்தாலிய நிறுவனம். சாந்தா ஆனா வரிசையில் வெவ்வேறு இடை அகலங்கள் உண்டு; எல்லாவற்றிலும் டைட்டனால் தகடு ஓர் அடுக்கு இருந்தாலும், ஸ்கீ அகலமாக ஆக அந்தத் தகட்டின் பரப்பைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். கெட்டிப்பனிக்கான ஒல்லி ஸ்கீயில் தகடு விளிம்பை நெருங்கி நிற்கும். 104-இல் அது வெட்டிச் சுருக்கப்பட்டிருக்கிறது. அதனால் இடையில் உலோகத்தின் அமைதியும், நுனியில் மரத்தின் இணக்கமும் கிடைக்கின்றன. காலின்ஸ் லிஃப்டின் உச்சியிலிருந்து பால்ரூம் என்னும் அகன்ற கிண்ணம் போன்ற சரிவில், பிற்பகல் இரண்டு மணிக்கு, முழுவதும் கலைந்து கிடந்த பனியில் இதை ஓட்டினேன். குவியல்கள் காலுக்குக் கீழே இருப்பது தெரிந்தது, ஆனால் அவை முழங்கால் வரை ஏறி வரவில்லை. கடைசி லிஃப்ட் வரை ஓட்டினேன். வழக்கமாக ஒன்றரை மணிக்கே என் தொடைகள் விடைபெற்றுக்கொள்ளும். காலையில் புதுப்பனியில் இது பிளேஸ் அளவுக்குத் துள்ளவில்லைதான், ஆனால் நான் அழுத்திய இடத்தில் அமிழ்ந்து எழும்பியது, மரங்களுக்கிடையே நான் கேட்ட வேளையில் திரும்பியது. காலை இரண்டு மணி நேரமும் மாலை வரையிலான நாலு மணி நேரமும் என்று பங்கிட்டுப் பார்த்தால், எனக்கு இதுவே ஏற்றது.

கெட்டித் தடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: இரண்டுமே வீடு திரும்பும் வரை ஒழுங்காக நடந்துகொள்கின்றன, 104-க்கும் 112-க்கும் உள்ள எட்டு மி.மீ. வேறுபாட்டை என் முழங்கால்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் உணர்ந்தன. என் பூட்ஸின் அளவு 22.5 (ஸ்கீ பூட்ஸில் இது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில்). சிறிய பாதத்துக்கு அகன்ற ஸ்கீயைச் சாய்த்து விளிம்பில் நிறுத்துவது பெரிய பாதத்துக்கு இருப்பதைவிடக் கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கீயை வாங்கிய பிறகும் ஒரு சிக்கல் காத்திருந்தது. பைண்டிங்கில் இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, விழும்போது பூட்ஸை விடுவிக்கும் டின் எண். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் விதம் ஆகியவற்றை வைத்துக் கடையின் தொழில்நுட்பர் அதைக் கணக்கிடுவார். என் உடம்புக்கு அது 3-க்கும் 5-க்கும் இடையில்தான் வருகிறது. இரண்டாவது, ஸ்கீ தனியே ஓடிவிடாமல் தடுக்கும் பிரேக்கின் அகலம். அது ஸ்கீயின் இடையைவிடக் குறையக் கூடாது. அகன்ற பிரேக்குகள் பெரும்பாலும் கனமானவர்களுக்கான, உயர்ந்த டின் எண் கொண்ட பைண்டிங்குகளோடு வருகின்றன. மார்க்கர் நிறுவனத்தின் கிரிஃபான் 13 தொடங்குவதே 4-இல்; ஜெஸ்டர் 6-இல் தொடங்குகிறது. அதே நிறுவனத்தின் ஸ்குவையர் 11, 3-இலிருந்து 11 வரை போகிறது, 110 மி.மீ. பிரேக்கும் அதற்குக் கிடைக்கிறது, எடையும் குறைவு. நான் அதைத்தான் பொருத்தினேன். அளவுகோலின் கடைக்கோடியில் நிற்காமல், என் எண் அதற்குள்ளே இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தூள்பனியில் மெதுவாக, முறுக்கிக்கொண்டு விழும் விழுகைகளில்தான் முழங்காலின் தசைநார் அறுகிறது என்று என்னோடு ஓட்டும் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண்களுக்கு அந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் நேர்கிறது என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை.

சிறுவர் ஸ்கீயை வாங்கிக்கொள்ளலாமே, விலையும் குறைவு என்று ஒரு கடையில் எனக்குச் சொன்னார்கள். சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நானும் ஒரு நாள் முயன்றேன். முப்பத்தைந்து கிலோச் சிறுமிக்கு அது அருமையான ஸ்கீயாக இருக்கும். வளர்ந்த பெண்ணின் கால்வலிமைக்கும் வேகத்துக்கும் அதன் வால் தாங்காமல் துவண்டது. சரிவு செங்குத்தானதும் நுனி படபடத்தது. சிறிய உடம்பு என்பதால் பெரியவளின் ஓட்டம் சிறுமியின் ஓட்டமாகிவிடாது. வாங்க நேரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல்: பருவ இறுதியில் பழைய பதிப்புகள் விலை இறங்கும்போது ஆண்களின் நடுத்தர அளவுகள்தான் முதலில் தீர்கின்றன, 158-ஐ ஒட்டிய நீளங்கள் ஏப்ரலிலும் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். என் சோடி அப்படி வந்ததுதான்.

நிறத்தையும் ஓவியத்தையும் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: உலர்பனியில் கழன்ற ஸ்கீ, விழுந்த இடத்திலிருந்து பல அடி தள்ளி, மேற்பரப்பில் ஒரு தடயமும் இல்லாமல் புதைந்துபோகும். குட்டையான ஸ்கீயைத் தேடுவது இன்னும் கடினம். இரண்டு பைண்டிங்குகளிலும் இரண்டு மீட்டர் நீளச் சிவப்பு நாடாவைக் கட்டி, கால்சட்டையின் அடிப்பகுதிக்குள் செருகி வைத்திருக்கிறேன். ஸ்கீ புதைந்தாலும் நாடா பனிக்கு மேலே கிடக்கும். போன மாதம் கேத்தரின்ஸில் இடது ஸ்கீ கழன்றபோது, ஐந்தே நிமிடத்தில் அதைக் கண்டெடுத்து, அடுத்த மரத்துக்குள் நுழைந்துவிட்டேன்.